கழுத்தளவுக் கோடு

சடையங்குப்பத்தில் வெள்ளம் வந்தால், தண்ணீர் ஏறிய மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வைப்பார்கள். தங்கள் ஊரில் வெள்ளத்தை விரட்டிய வெளிநாட்டுக்காரர்கள் அதை அளக்க வருகிறார்கள், அந்த வித்தையை இங்கேயும் காட்டப் போகிறார்கள் என்று தெருவுக்கே சேதி சொன்னவள் பட்டம்மாள். தண்ணீர் ஆழமாக நின்ற வீட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள். முழங்காலளவில் இருந்த தன் வீட்டுக் கோட்டை அழித்து, கழுத்தளவில் நீல எனாமலில் புதுசு போட்டாள்.

பக்கத்து வீட்டு யசோதரா சிரித்தாள். "இன்னாக்கா, உன் வூட்ல மட்டும் கடல் பூந்துச்சா?"

"உனுக்கு இன்னாடி வயித்தெரிச்சல்?"

வெள்ளைக்காரம்மா அளந்தாள், படம் பிடித்தாள், சுவரில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள். யசோதரா வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

மொழிபெயர்க்க வந்த ஆன்சியை ஓரம் கட்டினாள். "மொதல்ல நம்ம வூடுதானேம்மா?"

"ஆமா ஆன்ட்டி." ஆன்சி போனில் அந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊர்ப் படத்தைக் காட்டினாள். பெரிய ஏரி, தாமரை, வாத்து.

"சோக்கா கீது. இதுல வூடுங்க எங்கம்மா?"

"தண்ணிக்கு எடம் விட்டுட்டாங்க ஆன்ட்டி. ஆழமான வூட்லேர்ந்து இடிச்சிக்கினே வந்தாங்க."

சாயங்காலம் வரை பட்டம்மாள் சுவரைச் சுரண்டினாள். ஸ்டிக்கர்கூட ஓரத்தில் கிழிந்தது. கோடு அசையவில்லை. மழைக்கு அழியாததாகக் கேட்டு வாங்கிய எனாமல்.