பேரு வேண்டாம்

அந்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு கம்பவுண்டர் தஸ்தகீருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மாலை அஸர் தொழுகை முடிந்து ஓசூர்ப் பள்ளிவாசல் காலியாகிவிட்டது. தொழுகை நடத்தும் ஹஜ்ரத் மட்டும் இருந்தார். ரமலானுக்கு முந்தைய வாரம் என்பதால் மறுநாள் ஊரில் நாலு நிக்காஹ். மூன்றை அவரே நடத்திவைக்கிறார். நாலாவதற்குத் தேன்கனிக்கோட்டை ஹஜ்ரத்தை வரச் சொல்லியிருந்தார்.

தஸ்தகீர் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“மாப்பிள்ளைக்கு டி.பி. இருந்தா நிக்காஹ் பண்ணலாமா, ஹஜ்ரத்?”

ஹஜ்ரத் அவனுடைய வெளுத்த முகத்தைப் பார்த்தார். “உனக்காடா?”

“எனக்கில்லீங்க. கல்யாணத்துக்கு முன்னால பாத்துடலாம்னு அவரே பெங்களூர் போய்ப் படம் எடுத்தாரு. எங்க டாக்டர்கிட்ட கொண்டாந்தாரு. ரெண்டு பக்கமும் ஓட்டை. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அவரு பேரு...”

“பேரு வேண்டாம்!” ஹஜ்ரத் கையை உயர்த்தினார். “நோயாளி ரகசியம் அமானிதம், நம்பி ஒப்படைச்சது. சம்பந்தமில்லாத என் காதுல விழக்கூடாது.”

“அப்ப சொல்லவே கூடாதுங்களா?”

ஹஜ்ரத் கண்ணை மூடி யோசித்தார்.

“நோய் குத்தமில்லே. படம் எடுத்ததும் நல்லதுதான். எடுத்துப் பாத்துட்டு மறைச்சுக் கட்டறதுதான் மோசடி. அந்தப் பொண்ணுக்கும் ஒட்டிக்கும்னு தெரிஞ்சப்புறம் ரகசியமாவது ஒண்ணாவது? யாருக்குக் கெடுதல் வருமோ அவங்களுக்கு மட்டும் சொல்லணும். சொல்லியே ஆகணும்.”

“நான் பண்ண சத்தியம்?”

“முறிச்சுடு. பரிகாரமா பத்து ஏழைக்குச் சோறு போடு. வசதியில்லேன்னா மூணு நோன்பு வை.”

“விருந்துக்கு ஆடெல்லாம் வந்து நிக்குதுங்க.”

“ஆடு பெருசா, பொண்ணு பெருசா? ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவன் பேசற பேச்சா இது?”

“பெத்தவரு தாங்க மாட்டாருங்க.”

“தாங்கித்தான் ஆகணும். பொண்ணு வீட்டுல வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. அவரு மொகத்தைப் பாத்து நேராச் சொல்லு.”

தஸ்தகீர் அசையவில்லை. வெளியே வெயில் சாயத் தொடங்கியது.

“இன்னும் ஏன்டா உக்காந்திருக்கே?” ஹஜ்ரத்தின் குரல் உயர்ந்தது. “எழுந்து பொண்ணைப் பெத்தவர்கிட்டப் போ!”

“அவர்கிட்டத்தான் சொல்லிட்டிருக்கேன், ஹஜ்ரத்.”