அன்பளிப்பு: நாகலிங்கம், கனடா

"அக்கா, உந்த நாதஸ்வரத்தை எடுக்கிறதோ, விடுறதோ?" என்று கேட்டான் ஜெயதீபன்.

சுவர்ணாவுக்குத் தலை சுற்றியது. பண்டத்தரிப்பிலுள்ள அந்தச் சனசமூக நிலையத்தின் பொறுப்பாளர் அவள். பேப்பர் அடுக்குவாள், புத்தகம் கொடுப்பாள். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் நாதஸ்வரம் முழங்கும். பிறகு ஒரு வயதான தம்பதியின் படம் மெல்ல மெல்ல மேலே வரும். 'அன்பளிப்பு: நாகலிங்கம், கனடா. பெற்றோர் ஞாபகார்த்தமாக' என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழும். அது முடியும்வரை மவுஸ் அசையாது. முடிந்த பிறகும் நெடுநேரம் அசையாது.

ஊர் வழக்கம் அப்படி. மண்டபத்தில் கதிரை, மேசை, மணிக்கூடு எல்லாவற்றிலும் ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயர் இருக்கிறது. மின்விசிறியின் இறகில்கூட எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவர் பார்க்க வரும் நாளில், எவ்வளவு புழுக்கமென்றாலும் மின்விசிறியை நிற்பாட்டிவிடுவார்கள். சுற்றினால் பெயர் தெரியாதே.

சுன்னாகத்திலிருந்து திருத்த வந்த ஜெயதீபன் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"உது விளையாட்டு. உது ஒருத்தரும் கேக்காமல் காலநிலை சொல்லுறது. உது சும்மா சோடினை. பழைய மெசின் அக்கா, இவ்வளவு பாரமும் தாங்காது."

"வேண்டாததை எடுக்கப்போய் வேணுமானதும் போயிடாதோ தம்பி?"

"வேணுமானது கொஞ்சம்தான். பெரிய பாரமே உந்தப் படம்தான். அதை விட்டிட்டு மிச்சத்தைக் கழட்டி ஒரு பிரயோசனமும் இல்லை."

பக்கத்தில் தனுசியா சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். ஏற்ற ஏற்ற மெசின் இறுகிப்போய் நின்றுவிடுகிறது. அழுவதற்குத் தயாராக இருந்தாள்.

"எடு தம்பி" என்றாள் சுவர்ணா. சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

எடுத்தான். கம்ப்யூட்டர் சட்டென்று எழும்பியது. தேத்தண்ணி ஆறுவதற்குள் தனுசியாவின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போகவும் தலைவர் நடராசா மாஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"பிள்ளை, நாகலிங்கம் கனடாவிலையிருந்து வந்திட்டான். பின்னேரம் இங்கை வாறான். கம்ப்யூட்டரைத் துடைச்சு வையும்."

"மாஸ்டர்... அந்தப் படத்தை எடுத்தாச்சு."

மாஸ்டரின் முகம் கறுத்தது. "ஆரைக் கேட்டு எடுத்தனீர்?"

"மெசின் ஓடேல்லை மாஸ்டர். ஒரு பிள்ளையின்ரை விண்ணப்பம்..."

"மெசின் ஓடாட்டிலும் பரவாயில்லை, அவன்ரை பேர் ஓடவேணும். திரும்பப் போடும்."

"அடியோடை அழிச்சாச்சு."

"அப்ப நாளைக்கு நிர்வாகசபையிலை உம்மடை வேலையைப் பற்றித்தான் கதைக்கவேணும்."

சுவர்ணாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்த வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஓடாத மெசினில் பெயர் மட்டும் ஓடி யாருக்கு என்ன லாபம்? தன் கைக்காசில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தறியாத மனிதர், கனடாக்காரன் என்றதும் இப்படிக் குழைகிறாரே என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

பின்னேரம் நாகலிங்கம் வந்தார். கனடாக்காரர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மெலிந்த மனிதர், சாதாரண சேட்டுத்தான் போட்டிருந்தார். கதிரைகளில் இருந்த பெயர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"இரடா நாகலிங்கம், குளிரா ஒரு சோடா வாங்கிக்கொண்டு வாறன்" என்று மாஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏச்சு வாங்க என்னை விட்டுவிட்டுத் தப்பி ஓடுகிறார் என்று நினைத்தாள் சுவர்ணா.

"தங்கச்சி, அந்தக் கம்ப்யூட்டரை ஒருக்கால் போடுங்கோ."

போட்டாள். நாதஸ்வரம் இல்லை, படம் இல்லை. நாகலிங்கம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படம் வரேல்லையே?"

"நான்தான் எடுக்கச் சொன்னனான் ஐயா. மாஸ்டரிலை ஒரு பிழையும் இல்லை."

அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார். கண் கலங்கியிருந்தது. கோபமா கவலையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"நல்ல வேலை செய்தியள். அதை எந்த முகத்தோடை பாக்கிறதெண்டு வழிமுழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

"ஏன் ஐயா?"

"நான் இந்த ஊருக்கு ஒரு கதிரைகூடக் குடுக்கேல்லை தங்கச்சி. வேலை செய்த பக்டரியை மூடினாப் பிறகு எனக்கு அங்கை நிரந்தர வேலையே இல்லை. இப்ப வந்த பிளேன் ரிக்கற்றும் மகள் போட்டது."

சுவர்ணா கம்ப்யூட்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாற்றை பேரும் இருக்க என்ரை பேர் மட்டும் இல்லை. 'உன்ரை தம்பி என்ன தந்தவன்' எண்டு சனம் கேட்டுக் கேட்டே என்ரை அக்கா சிவக்கொழுந்து இந்த வாசலுக்கு வாறதை விட்டிட்டா. அந்தப் படம் ஓடத் தொடங்கினாப் பிறகுதான் திரும்ப வந்தவ. நீங்கள் நன்றி சொல்லிப் போன் எடுத்தபோதுதான் எனக்கே விசயம் தெரியும். இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை. வாங்கினவன் பிறகுதான் என்னட்டை ஒத்துக்கொண்டவன்."

"அப்ப இதை ஆர் ஐயா வாங்கினது?"

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நாகலிங்கம் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குச் சோடா வாங்கப் போனவன்தான்."