தூக்கிய கை

மதிய வெயில் கூட்ட அறையின் மேசைமீது பாதிவரை ஏறியிருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்துக்காகத் தங்கள் மென்பொருள் நிறுவனத்தில் கம்பைல் செய்து தொகுக்கும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும், எந்தக் கணினியில் தொகுத்தது என்று அதன் பெயரை முத்திரையாகப் பதிக்கலாமா என்று வாக்கெடுப்பு. தயங்கினால் சந்தேகப்படுவார்களோ என்று பயந்து, பொறியாளர்களில் முதலில் கை தூக்கியவள் அவள்தான். அலுவலகக் கணினியை விட்டு வேறெதில் தொகுத்தாலும் வேலை போய்விடும். போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, ‘குட்டிமணி’ என்று மகளின் செல்லப்பெயரையே வைத்திருக்கும் வீட்டுக் கணினியில் ஒரு நிரலைத் தொகுத்து அனுப்பியதை யாரிடமும் சொல்லவில்லை. “சோதனைக்குன்னு ரெண்டு மாசமா முத்திரை பதிஞ்சுக்கிட்டுதான் இருக்கு,” என்கிறார் மேலாளர். “அப்ப அக்கா போன மாசம் அனுப்புன நிரலையே திறங்க சார். தப்பே பண்ணாத ஆளு,” என்று பக்கத்து நாற்காலிக்காரன் சிரிக்கிறான். திரையில் எழுத்துகள் வரிவரியாக இறங்குகின்றன. மகளின் செல்லப்பெயர் வந்து நிற்கிறது. தூக்கிய கையை இறக்க மறந்து உட்கார்ந்திருக்கிறாள்.