குறட்டை விடும் சீல்

தென்துருவக் கடலுக்குக் கோடையில் மட்டும் வந்துபோகும் ஆலாப் பறவைக்கு ஒரு சந்தேகம். இந்தச் சீல் எப்போது பார்த்தாலும் பனிமேல் குறட்டை விடுகிறதே, வேறு வேலையே கிடையாதா? அந்த வருஷம் தெரிந்துகொண்டே போவதென்று, குளிர் தொடங்கியும் கிளம்பாமல் காத்திருந்தது.

ஒருநாள் விழித்த சீல், பக்கத்தில் பனித்தரையில் இருந்த ஓட்டையை மூடிவந்த பனியைப் பல்லால் கரகரவென்று அறுத்தது.

“பனியையா திங்கிறீங்க, அக்கா?”

“அடி போடி. கீழே என் குட்டி முங்கியிருக்கு. இது மூடிக்கிட்டா அது எங்கே வந்து மூச்சு வாங்கும்?”

உடனே ஓட்டையில் ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்து, மூச்சிழுத்து, மறைந்தது.

“எதுவரைக்கும் இப்படி அறுப்பீங்க?”

“நீ அடுத்த தடவை வர்றவரைக்கும்.”

மறுகோடையில் சீல் வாய் பிளந்து குறட்டை விட்டது. முன்பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. ஆலாவோடு கூட வந்த இன்னொரு பறவை ஏதோ கேட்க வாயெடுத்தது.

“கத்தாதே,” என்றது ஆலா. “தள்ளிப் போய் இறங்கு.”