தொட்டிக்குள் கேட்ட கீர்த்தனை

கயிறு பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது பாஸ்டருக்கு.

பாஸ்டர் என்றால் நிஜப் பாஸ்டர் இல்லை. குடியை விட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்ததும், தன்னோடு தொட்டி கழுவுகிறவர்கள் வைத்த பட்டப்பெயர். முதலில் அப்படிக் கூப்பிட்டவன் குட்டையன். இப்போது எண்ணெய்த் தொட்டிக்குள், இடுப்பில் கயிற்றோடு, கசடு வாரிக்கொண்டிருப்பவனும் அவன்தான்.

இறங்குகிறவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே கயிறு பிடிப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. பாட்டு நின்றால் உள்ளே காற்று கெட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே இழுக்க வேண்டும்.

“வாயை மூடிட்டு நில்லு பாஸ்டரே. உன் கர்த்தருக்கும் சேர்த்து நானே பாடிக்கிறேன்,” என்று இளித்துவிட்டுத்தான் இறங்கினான்.

வழக்கமான சினிமாப் பாட்டுதான். பாதியில் அது மாறியது.

தொட்டியின் வாயிலிருந்து ஜெபக் கூட்டத்துக் கீர்த்தனை வந்தது. சபை வாசலையே மிதிக்காதவன், சரணம் பிசகாமல் பாடினான்.

பாஸ்டருக்கு உடம்பு சிலிர்த்தது. இவன் மனம் திரும்ப எத்தனை நாள் முழங்கால் போட்டு ஜெபித்திருப்பான். கண்ணை மூடினான். ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்ல வேண்டிய சாட்சி வார்த்தை வார்த்தையாகக் கூடி வந்தது.

கயிறு லேசாக ஆடியது. தாளம் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டான்.

தொண்டை வறண்டபோதுதான் தெரிந்தது. தன் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாடிக்கொண்டிருந்தது தானேதான்.

வாயை மூடினான்.

கீழே பாட்டு நிற்கவில்லை. அந்த அடி முடிகிறவரை நிதானமாகப் போயிற்று. அது குட்டையன் குரலும் இல்லை.

பாஸ்டர் உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தான். குட்டையன் மூட்டை மாதிரி மேலே வந்து விழுந்தான். முகமெல்லாம் நீலம். வாந்தி எடுத்து, மூச்சுக்குத் தவித்து, அப்புறம்தான் பேச்சு வந்தது.

“கயித்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், நீ உன் பாட்டை விடல. அது போகட்டும். உள்ள என் பக்கத்துல நின்னு பாடினது யாருய்யா?”

தொட்டிக்குள் ஒருவன் இறங்கத்தான் இடம்.

அது யாரென்று பாஸ்டருக்குத் தெரியாது. தான் கேட்க வேண்டியது மட்டும் தெரிந்தது. இவ்வளவு நேரம் பாடிய வாய் அதற்குத் திறக்கவில்லை.

குட்டையனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.