காற்றாலை நின்ற காரணம்

நாவலூர் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நல்ல காற்று வீசியது. ஆனாலும் அங்கே நிறுத்தியிருந்த சின்னக் காற்றாலை சுற்றவில்லை. ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக மெக்கானிக் முனீர் படியேறி வந்திருந்தார்.

"பேரிங் இறுகிடுச்சா?" என்றார் சங்கச் செயலாளர் ராஜகோபாலன், களைத்த குரலில்.

"இல்ல சார். இதுக்குள்ள காந்தம் கீது. மூணு ஒயரும் ஒண்ணா சேந்து ஷார்ட் ஆனா, அந்தக் காந்தமே பிரேக் மாதிரி புடிச்சிக்கும்."

"தானா ஷார்ட் ஆகுதா, இல்ல யாராவது பண்றாங்களா?" மூன்றாம் மாடி ஹர்ஷா குறுக்கிட்டான். "இங்க ஒரு கேமரா வெச்சிடலாம் அங்கிள்."

முனீர் ஒயர்ப் பெட்டியை மூடினார். "அதெல்லாம் வேணாம் சார். உள்ள காயில் எரிஞ்சி போச்சி. கழட்டிக்கினு போய்த்தான் சரி பண்ணணும்."

ஹர்ஷா சலித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனான்.

"எவ்வளவு நாளாகும் முனீர்?"

"காயில் நல்லாத்தான் கீது சார். நீங்கதான ஒயருங்கள சேத்து முறுக்கி வெக்கிறீங்க?"

ராஜகோபாலன் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஏறி வர்றப்ப உங்க வூட்ல அம்மா படுத்துகினு கீறத பாத்தேன். இது சுத்துனா நேர் கீழ கீற அந்த ரூமே அதிரும்."

"கீமோ முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. இந்தச் சத்தத்துல என் மனைவி ஞானாம்பாளால கண்ணை மூட முடியல. இதை வாங்கியே ஆகணும்னு மீட்டிங்ல அடம் பிடிச்சவனே நான்தான். எந்த முகத்தோட நிறுத்தச் சொல்றது?"

"இனிமே முறுக்காதீங்க. பெருங்காத்து அடிச்சா காயில் நெசமாவே எரிஞ்சிடும்." முனீர் ஸ்பேனரை எடுத்துக் காற்றாலையைக் கழற்றத் தொடங்கினார். "அம்மா தேறினதும் போன் பண்ணுங்க சார். அன்னிக்கு ரிப்பேர் முடிஞ்சிடும்."