ஏழாவது நத்தை

“இதையும் கொன்னுட்டீங்களா, அண்ணி?”

அவன் நத்தை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் அடியில் ஏழாவது நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி அசையாமல் கிடந்தது. இன்னொன்று செத்தால் தொட்டி வீட்டில் இருக்காது என்று அண்ணன் நேற்றே சொல்லிவிட்டான். தொட்டி இருக்கும் மூலையில் அண்ணிக்குத் தையல் மெஷின் போட வேண்டும். இவளைத் தவிர வேறு யார் மருந்து ஊற்றியிருப்பார்கள் என்று தம்பி பல்லைக் கடித்தான்.

“ஞாயிறு தவறாம மொத்தத் தண்ணியையும் மாத்தறேன். தானா எப்படிச் சாகும்?”

“அதனாலதான் பயந்து ஓட்டுக் கதவைச் சாத்திக்குது. கால்வாசி மாத்தினா போதும்.”

“கதை விடாதீங்க. இதோட ஏழு!”

நத்தையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் வீசினான். அண்ணி குனிந்து எடுத்து முகர்ந்தாள்.

“செத்த நத்தை நாறும், தம்பி. நீ ஒரு தடவையாவது மோந்து பார்த்தியா?”

பதிலுக்குக் காத்திராமல் தன் அறைக்குப் போனாள். சண்டையை விட மனமில்லாமல் அவனும் பின்னாலேயே போனான்.

ஜன்னலோரம் ஒரு கண்ணாடிச் சட்டி இருந்தது. அதில் ஆறு நத்தைகள் வெள்ளரித் துண்டை மேய்ந்துகொண்டிருந்தன.

ஏழாவதையும் அதில் விட்டுவிட்டு அண்ணி திரும்பினாள்.

“தொட்டி இங்கேயே இருக்கட்டும்னு உங்கண்ணன்கிட்ட நானே சொல்றேன். கொலைகாரனை மட்டும் வெளியே அனுப்பினா போதும்.”